ஒண்டிக்கடை பார்லரின் கறுப்புத் தண்ணீர்

சேலத்தில் நான் வேலை பார்த்த கழிவுநீர் சுத்தம் செய்யும் கம்பெனியில் இப்போது எல்லாமே கைபேசியில் நடக்கிறதாம். இயந்திரம் எந்த ஊரில் ஓடினாலும் சரி, மின்சாரத்தை ஏற்றுவதும் இறக்குவதும் இங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடி. அங்கே புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் போன மாதம் என் வீடு தேடி வந்தார்கள். ஓய்வு பெற்றவர்களிடம் அனுபவம் கேட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"மேரியக்கா, உங்க சர்வீஸ்லயே நொம்பப் பெரிய வேலை எதுங்க?" என்று கேட்டாள் ஒருத்தி.

சாயப்பட்டறை, ஜவ்வரிசி ஆலை என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார்கள். "ஏற்காட்டுல ஒரு பியூட்டி பார்லர்" என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, எத்தனை வாஷ்பேசின் என்று கேட்டாள். ஒன்று என்றேன். அதற்குமேல் அடக்க முடியாமல் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் சட்டென்று வரும், அன்றும் வந்தது. காபி கொடுத்து, எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். சிரித்த வாயோடு கேட்டால் இந்த விஷயம் புரியாது.

நான் பிறந்தது ஏற்காட்டில். அப்பா, அம்மா இருவருக்கும் காபி எஸ்டேட்டில் வேலை. மிஷன் பள்ளியில் பத்தாவது முடித்தேன், கல்யாணம் ஆனது, சேலத்துக்கு இறங்கினேன். அங்கே வெள்ளிக் கொலுசுக்கு முலாம் பூசும் பட்டறை ஒன்றில் சேர்ந்தேன். முலாம் பூச ரெக்டிஃபையர் என்று ஒரு பெட்டி வேண்டும். வீட்டு மின்சாரத்தை ஒரே திசையில் ஓடும் மின்சாரமாக மாற்றித் தருவது அதன் வேலை. மங்கிப்போய்த் தொட்டிக்குள் இறங்கும் கொலுசு, சிறிது நேரத்தில் புதுப்பெண் மாதிரி வெளியே வரும். அதையே வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து ஆச்சரியமெல்லாம் போய்விட்டது.

ஒருநாள் அந்தப் பட்டறையின் கழிவுநீரைச் சுத்தம் செய்வதற்காக ஒரு சின்னக் கம்பெனியார் இயந்திரம் கொண்டுவந்து வைத்தார்கள். பார்த்தால் அதே ரெக்டிஃபையர், அதே மாதிரித் தகடுகள். வேலை மட்டும் தலைகீழ். நாங்கள் தண்ணீரிலிருந்து உலோகத்தை எடுத்துக் கொலுசில் ஏற்றினோம். அவர்களோ நல்ல தகட்டை அழுக்குத் தண்ணீரில் கரைத்தார்கள். சாக்கடை நிறத்தில் இருந்த தண்ணீருக்குள் சிறுசிறு பஞ்சு பிறந்தது. அழுக்கெல்லாம் போய் அந்தப் பஞ்சில் ஒட்டிக்கொண்டது. எதிர்த் தகட்டிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பி, பஞ்சை மேலே தூக்கி நுரையாகக் கட்டின. அந்த நுரைக்குக் கீழே, மாதாவே, தண்ணீர் கண்ணாடியாய்த் தெளிந்துவிட்டது. மருந்தும் போடவில்லை, வடிகட்டவும் இல்லை. நான் சாப்பாட்டை மறந்து நின்றிருந்தேன். அடுத்த மாதமே அந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டேன். தகடு கழுவுவது, தொட்டி துலக்குவது, பிறகு ஒயர் பூட்டுவது, பிறகு தனியாக இயந்திரம் ஓட்டுவது என்று வேலை படிப்படியாகக் கைக்கு வந்தது.

வசந்தி மேடம் அங்கே எஞ்சினியராக வந்தபோது எனக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அவர் என்னைவிட வெகு இளையவர். சின்னப் பெண் வந்து எனக்குச் சொல்லித்தரப் போகிறாளாக்கும் என்று மனதுக்குள் முணுமுணுத்தேன். முதல் நாளே ஒரு ஜாடியில் கழிவுநீரை எடுத்துவைத்து, பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன தெரியுது மேரியக்கா?"

"நல்லா வந்திருக்குங்க மேடம்."

"நல்லாங்கறது ஒரு நெறமுங்களா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் மறுபடி பார்த்தேன். மேலே லேசாக மஞ்சள், அடியில் வண்டல், நடுவில் மிதக்கும் தூசு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். கடைசிவரை அவர் முறை இதுதான். முதலில் பார்க்க வேண்டும், அப்புறம் முகர வேண்டும், அப்புறம்தான் மீட்டரை எடுக்க வேண்டும். வேலையைத் தொடங்குமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். ரெக்டிஃபையரைப் போடுமுன் "கை எடுத்தாச்சுங்களா?" என்று சத்தமாகக் கேட்பார். அங்கே நிற்பவர்கள் ஒவ்வொருவரும் "எடுத்தாச்சு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு தடவை முதலாளி தலையை மட்டும் ஆட்டினார். அவர் வாயைத் திறக்கும்வரை மேடம் சுவிட்சைத் தொடவில்லை. குமிழி வாயு எரியக்கூடியது என்பதால், குளிரானாலும் மழையானாலும் ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்வார். ஒரு மாதம் எனக்கு இதெல்லாம் எரிச்சலாக இருந்தது. அப்புறம் அவர் இல்லாத இடத்தில் நானே "கை எடுத்தாச்சா?" என்று கத்த ஆரம்பித்துவிட்டேன்.

இனி பார்லர் விஷயம்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் பூங்கொடி என்ற பெண் பார்லர் வைத்திருந்தாள். சேர்வராயன் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தவள். அவள் குடும்பத்தில் எல்லோரும் சாமையும் மிளகும் பயிரிடுகிறவர்கள், கத்தரிக்கோல் பிடித்துத் தொழில் செய்தவள் இவள் ஒருத்திதான். புருஷன் ஜீப் ஓட்டுகிறார். கல்யாணப் பெண்கள், பள்ளிக்கூட டீச்சர்கள், லாட்ஜில் தங்க வருகிறவர்கள் என்று கடையில் எந்நேரமும் ஆள் இருக்கும்.

கடையின் தண்ணீர் ஒரு குழாய் வழியாகப் பின்புறச் சரிவில் இறங்கும். சரிவுக்குக் கீழே செல்லம்மா என்பவரின் வீடு, கொஞ்சம் காபிச் செடி, ஓர் ஊற்று. தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டுக்குக் குடிதண்ணீர் அந்த ஊற்றுதான். அதில் ஒருநாள் நுரை மிதந்தது, அப்புறம் கரையெல்லாம் கருஞ்சிவப்பாகப் படிந்தது. அன்று முதல் அந்த வீட்டார் ரோட்டுக் குழாயிலிருந்து குடம் சுமந்தார்கள். செல்லம்மா போய் மனு கொடுத்தார். அதிகாரி வந்து பார்த்துவிட்டு, தண்ணீரைச் சுத்தம் செய்யுங்கள், மறுபடி வருவேன், அப்போதும் இப்படியே இருந்தால் கடைக்குப் பூட்டுப் போடுவேன் என்று சொல்லிப் போனார். கோடை தொடங்கிவிட்டது, கோயில் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் பூட்டினால் அப்புறம் அந்தக் கடையைத் திறக்கவே முடியாது என்று பூங்கொடி எங்கள் கம்பெனிக்குப் போன் போட்டு அழுதாள்.

ரெக்டிஃபையரைக் கம்பளியில் சுற்றி ஜீப்பில் வைத்து, கொண்டை ஊசி வளைவுகளில் அதைக் குழந்தையைப் பிடிப்பதுபோல் மடியோடு பிடித்துக்கொண்டு ஏறினேன். மேடம் முன்சீட்டில் இருந்தார். ஏறினதும் இயந்திரத்தைப் பூட்டலாம் என்று பார்த்தால், அவர் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டுக் குழாய்வாய் அருகே உட்கார்ந்துவிட்டார். வருகிற தண்ணீரையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஷாம்பு கழுவினால் நுரை, மருதாணி கழுவினால் செங்கல் நிறம், ப்ளீச் கழுவினால் வெள்ளையாய் ஒரு நெடி. அன்று பகல் முழுக்க இதே வேலை. மேலே ஜன்னல் வழியாகப் பூங்கொடி எட்டி எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, மேடம் எப்பங்க மிசின் போடுவாங்க?"

"அவங்க பார்த்து முடிக்கட்டும் சாமி" என்றேன். எனக்கே பொறுமை போய்க்கொண்டிருந்தது என்பதை அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் தொட்டியை நிரப்பித் தகடு இறக்கினோம். சாயப்பட்டறைகளில் வெற்றிகரமாக ஓடிய அதே இரும்புத் தகடுகள். சுவிட்சைப் போட்டால் மீட்டர் முள் நகரவில்லை. கீழே சேலத்தில் போர்வெல் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும், மின்சாரம் அதில் தாராளமாக ஓடும். ஏற்காட்டுத் தண்ணீரோ கிட்டத்தட்ட மழைத்தண்ணீர். அதில் மின்சாரத்துக்குப் பிடிமானமே இல்லை. மேடம் பூங்கொடியிடம் கல்லுப்பு கேட்டு வாங்கி, ரசத்துக்குப் போடுவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார். முள் மெதுவாக ஏறியது. குமிழி கிளம்பியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் நுரைக்குக் கீழே தண்ணீர் தெளியவில்லை. கருத்தது. செங்கல் நிறம் போய் நீலமாகி, நீலம் போய்க் கருநீலமாகி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அட்டக்கரியாகிவிட்டது. என் சர்வீஸில் தண்ணீர் தெளியாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். போட்ட தண்ணீரைவிட மோசமாகித் திரும்பி வந்ததை அன்றுதான் பார்த்தேன். பூங்கொடி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மேடம் ரெக்டிஃபையரை அணைத்தார். ஜாடியில் மொண்டு, வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தார். முகர்ந்தார். முகம் லேசாக மாறியது.

"பூங்கொடி, மருதாணியை எதுலீங்க கரைக்கறீங்க?"

"டிகாசன்லதானுங்க மேடம். நம்ம ஊட்டுத் தோட்டத்துக் காப்பி. கொஞ்சம் கடுக்காய்ப் பொடியும் போடுவேனுங்க."

"ஊற வெக்கற சட்டி?"

"இரும்புச் சட்டிங்க. அப்பத்தான் கருப்பு நல்லா ஏறும்."

மேடம் என் பக்கம் திரும்பினார். "மேரியக்கா, நாம உள்ள எறக்குனது என்ன தகடுங்க?"

"இரும்..." என்று தொடங்கினேன். தொட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

காபியிலும் கடுக்காயிலும் மருதாணியிலும் இருக்கிற துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். பழைய காலத்தில் எழுதுகிற மையே அப்படித்தான் காய்ச்சுவார்களாம். பூங்கொடி சின்னச் சட்டியில் செய்ததை நாங்கள் கரண்டு வைத்துப் பெரிய தொட்டியில் செய்திருந்தோம். மேடம் சிரித்தார், அதைப் பார்த்து நானும் சிரித்துவிட்டேன். "மை காய்ச்சிட்டோமுங்க" என்றார். பூங்கொடிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் நிலைமையில் யாருக்குத்தான் வரும்?

"கவலைப்படாதீங்க. இரும்புதான் கருக்கும், அலுமினியம் கருக்காது" என்றார் மேடம்.

அடுத்த பஸ்ஸில் நான் சேலம் இறங்கி அலுமினியத் தகடுகளை எடுத்துக்கொண்டு திரும்ப ஏறினேன். கறுத்த தண்ணீரை டிரம்மில் அடைத்து மூடினோம், ஒரு சொட்டு வெளியே விடவில்லை. கடையிலிருந்து புதிதாக வந்த கழிவுநீரை நிரப்பி, உப்புப் போட்டு, "கை எடுத்தாச்சுங்களா?" என்று கேட்டுச் சுவிட்சைப் போட்டார். இந்தத் தடவை பஞ்சு இளஞ்சிவப்பாகப் பிறந்தது. மருதாணியையும் டிகாஷனையும் வாரிச் சுருட்டிக்கொண்டு மேலே போனது. அந்த நுரையைச் சல்லிக்கரண்டியால் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், தொட்டியின் அடித்தட்டில் இருக்கும் கீறல்வரை தெரிந்தது. எத்தனையோ தொட்டிகள் பார்த்தவள்தான் நான். அன்றும் மெய்சிலிர்த்தது. பூங்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

மறுநாள் காலையில் அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. மனு கொடுத்தவர் என்பதால் செல்லம்மாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். தெளிந்த தண்ணீரை ஜாடியில் பிடித்து, நான்தான் மேஜைமேல் எல்லோருக்கும் தெரியும்படி வைத்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதிகாரி வருவதற்குள் ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார், கல்யாண வீட்டுக்குப் போகிற அம்மா, தலைக்குக் கறுப்புச் சாயம் போட வேண்டும் என்று. பூங்கொடி கிண்ணத்தில் க்ரீமையும் டெவலப்பர் பாட்டிலிலிருந்து கொஞ்சமும் கலந்து பிரஷ்ஷால் தடவினாள். மேடம் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், நெருங்கிப் போனார்.

"கறுப்புச் சாயம்னீங்க, வெள்ளையா இருக்கே?"

"போடும்போது வெள்ளைதானுங்க மேடம். டெவலப்பர் சேர்ந்து போகப் போகத்தான் கருக்கும். அரை மணி நேரம் ஆகுமுங்க."

"கிண்ணத்துல மிச்சமாறதை என்ன செய்வீங்க?"

"அப்பவே கழுவி ஊத்திருவேனுங்க. காஞ்சா கிண்ணம் கறையாயிரும்."

மேடம் மேஜைமேல் இருந்த என் ஜாடியைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். எனக்கு ஏதோ சரியில்லை என்று அப்போதே தோன்றிவிட்டது. அதே நேரம் அதிகாரி படியேறி வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் செல்லம்மா, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வந்து சுவரோரம் நின்றார்.

அதிகாரி ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். நல்ல மனிதர், கடையை மூட வேண்டுமென்று அவருக்கு ஆசை எதுவும் இல்லை. "அருமையா இருக்குங்களே" என்று சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். பூங்கொடியின் முகத்தில் அன்றுதான் ரத்தம் ஓடியது.

"சார், ஒரே ஒரு டெஸ்ட் பாக்கி இருக்குதுங்க. அரை மணி நேரம் உட்காருங்க" என்றார் மேடம்.

இரண்டு ஜாடி கேட்டார். ஒன்றில் வெறும் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் நாங்கள் தெளியவைத்த தண்ணீர். பூங்கொடியின் டெவலப்பர் பாட்டிலைத் திறந்து இரண்டிலும் ஒரே அளவு விட்டார். இரண்டுக்கும் பின்னால் வெள்ளைத் தாளை நிறுத்தினார். அதிகாரிக்குக் காபி வந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி ஏறி சில்வர் ஓக் மரங்களை மறைத்துக்கொண்டிருந்தது.

முதலில் நான் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். குழாய்த் தண்ணீர் அப்படியே இருந்தது. எங்கள் தண்ணீரில் லேசாக ஒரு சாயல் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அது மஞ்சளானது. அதிகாரி காபியைக் குடித்து முடிக்கும்போது பால் விடாத தேநீர் நிறத்தில் நின்றது. ஒன்றுமே இல்லை என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்த தண்ணீருக்குள், ஓர் ஊரையே கறைப்படுத்துகிற சாயம் நிறமில்லாமல் ஒளிந்திருந்திருக்கிறது. எங்கள் பஞ்சு பிடித்ததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த அழுக்கைத்தான். ஆடிப்போனேன் நான். பயமும் வியப்பும் ஒன்றாக வந்தன, எது எதுவென்று பிரிக்கத் தெரியவில்லை.

"தெளிஞ்சிருக்குங்க சார், சுத்தமாகலை. இதை ஓடையில விடக்கூடாது" என்றார் மேடம்.

பூங்கொடி டெவலப்பர் பாட்டிலை வெடுக்கென்று எடுத்து மூடினாள். அப்புறம் வெடித்தாள். "ஏனுங்க மேடம், அவரு கையெழுத்துப் போடப் போனாருங்களே. நீங்க எனக்கு வேலை செய்ய வந்தீங்களா, எங்கடையைச் சாத்த வந்தீங்களா?"

எனக்கும் அதே கேள்விதான். மேடத்தை ஓரமாக இழுத்து, "அவரு போனதுக்கப்பறம் செஞ்சிருக்கலாமுங்களே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"போனதுக்கப்பறம் செஞ்சா அது டெஸ்ட் இல்லீங்க மேரியக்கா, ரகசியம்" என்றார்.

அதிகாரி பேனாவை மூடிவிட்டார். "இப்ப நான் என்னங்க செய்யறது? பூட்டறதைத் தவிர வழி இருக்குதா?"

மேடம் நிதானமாகச் சொன்னார். இரண்டாவதாக ஒரு தொட்டி வைக்க வேண்டும். அதில் கரையாத தகடு, மேலே பூச்சுப் பூசிய டைட்டானியம். அது அழுக்கைப் பிடித்துத் தூக்காது, தண்ணீருக்குள்ளேயே எரித்துச் சிதைக்கும். அதற்குப் பிறகு தேங்காய் ஓட்டுக் கரியில் வடிய வேண்டும். தகடு வருவதற்குச் சில வாரம் பிடிக்கும். அதுவரை கடைத் தண்ணீர் முழுவதும் டிரம்மில் அடைபட்டு, ஜீப்பில் சேலத்துக்கு, எங்கள் கம்பெனிக்குப் போகும். சரிவில் ஒரு சொட்டும் இறங்காது.

"மனு கொடுத்தவங்க சம்மதிச்சா நான் தவணை கொடுக்கலாம். இல்லீன்னா பூட்டித்தான் ஆகணும்" என்று அதிகாரி செல்லம்மாவைப் பார்த்தார்.

செல்லம்மா சுவரோரத்திலிருந்து நகர்ந்தார். மெல்ல மேஜைக்கருகே வந்து, இரண்டு ஜாடியையும் குனிந்து பார்த்தார். தேநீர் நிறத் தண்ணீரையே வெகுநேரம் பார்த்தார். பூங்கொடி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏனம்மிணி" என்று மேடத்தைக் கேட்டார் செல்லம்மா, "நீ இதைக் காட்டலீன்னா யாருக்காச்சும் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதுங்கம்மா."

"அப்பறம் எதுக்கோசரம் காட்டுன?"

"தண்ணி உங்க ஊட்டுக்குத்தானுங்களே போகுது."

செல்லம்மா பூங்கொடியை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அய்யா, பூட்ட வேண்டாமுங்க" என்று அதிகாரியிடம் சொன்னார். "ரெண்டாந் தொட்டி வெக்கட்டும். நான் இன்னும் கொஞ்ச நாளைக்குக் கொடம் தூக்கறேன்."

சொல்லிவிட்டு விடுவிடென்று இறங்கிப் போய்விட்டார். பூங்கொடி அழுதாள். நானும் அழுதேன், சும்மா சொல்லக் கூடாது. மேடம் மட்டும் ஜாடிகளைக் கழுவ ஆரம்பித்தார். கழுவின தண்ணீரையும் டிரம்மிலேயே ஊற்றினார்.

அந்த வாரங்கள் லேசில் போகவில்லை. பூங்கொடியின் புருஷன் ஆள் ஏற்ற வேண்டிய ஜீப்பில் டிரம் ஏற்றிக்கொண்டு சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் அலைந்தார். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவே டிரம் வண்டி இறங்குவதைப் பார்த்துச் சாமி ஊர்வலத்துக்கு எதிராக எங்கே போகிறாய் என்று கேலி செய்தார்களாம். பூங்கொடி மேடத்தோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். மேடமும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் தொட்டியைப் பூட்டிய நாளைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. முதல் தொட்டியில் பார்க்க ஏதாவது இருக்கும், பஞ்சு இருக்கும், நுரை இருக்கும். இரண்டாம் தொட்டியில் ஒன்றுமே இல்லை. தெளிந்த தண்ணீர் உள்ளே போகிறது, தெளிந்த தண்ணீராகவே இருக்கிறது. மெல்லிய ஒரு முனகல், நீச்சல் குளத்தருகே வருகிற மாதிரி லேசாக ஒரு வாசனை, அவ்வளவுதான். ஆனால் அந்த மௌனத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத சாயம், கண்ணுக்குத் தெரியாமலே உடைந்துகொண்டிருக்கிறது. மாதா கோயிலில் மணியடிக்கும்போதும் பூசையில் பாதிரியார் அப்பத்தை உயர்த்தும்போதும் வருகிற அமைதி எனக்கு அங்கே வந்தது. எங்கள் வேலையை நான் அப்படி நினைத்தது அதுவே முதல் தடவை.

கரியில் வடிந்து வந்த தண்ணீரை மேடம் ஜாடியில் பிடித்தார். டெவலப்பர் பாட்டிலைப் பூங்கொடியிடமே நீட்டினார். அவள் தயங்கித் தயங்கி வாங்கி ஊற்றினாள். வெள்ளைத் தாளுக்கு முன்னால் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அரை மணி போனது. இன்னும் அரை மணி உட்காரலாம் என்றாள் பூங்கொடி. உட்கார்ந்தோம். தண்ணீர் அப்படியே இருந்தது.

"என்ன தெரியுதுங்க?" என்று கேட்டார் மேடம்.

"ஒண்ணும் தெரியலீங்க மேடம்" என்று பூங்கொடி சொன்னாள். அத்தனை நாளுக்குப் பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதோடு விட்டாரா? சேலத்து ஆய்வகத்துக்கும் அனுப்பி, முடிவு வந்த பிறகுதான் குழாய்வாயைத் திறக்கச் சொன்னார். ஒதுக்கிய நுரையைக் காயவைத்து, ஆபத்தான கழிவு எடுக்கிறவர்களிடம் சேர்க்க ஏற்பாடு செய்தார், காபிச் செடிக்கு உரமாகப் போடலாம் என்று யாரோ சொன்னபோது முறைத்த முறைப்பு இருக்கிறதே, அந்த ஆள் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. மழை வந்து ஊற்றைக் கழுவியது. கரையில் படிந்த கறை போனது. ஊற்றுத் தண்ணீரையும் சோதித்த பிறகுதான் செல்லம்மா வீட்டார் மறுபடி குடிக்கத் தொடங்கினார்கள்.

தகடு மாற்றுவதற்காக நான் அவ்வப்போது மேலே போய்வருவேன். அப்படி ஒருமுறை போயிருந்தபோது கடைக்குள் கூட்டம் இல்லை. வாசலில் செல்லம்மா நின்றார். அந்தப் படியை மனுவுக்காக மட்டுமே மிதித்தவர். நானும் பூங்கொடியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மறுபடி ஏதாவது நுரை வந்துவிட்டதோ என்று எனக்குப் பக்கென்றது.

"மச்சாண்டார் பேத்திக்குக் கல்யாணம்" என்று கணவரின் அண்ணன் வீட்டு விசேஷத்தைச் சொல்லிக்கொண்டே வந்து, கண்ணாடிக்கு எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கொண்டையை அவிழ்த்துவிட்டார். தும்பைப்பூவாக நரைத்த முடி முதுகு வரைக்கும் விழுந்தது.

பூங்கொடி சீப்பை எடுத்தாள். "மருதாணி போடட்டுங்களா அத்தே? சாயம் வேண்டாமுங்க."

"சாயமே போடு கண்ணு, நல்லாக் கறுப்பா" என்றார் செல்லம்மா. "கழுவுற தண்ணி எங்கூட்டுப் பக்கந்தான போவுது. போவட்டும்."

பூங்கொடி துண்டை எடுத்து அவர் தோளில் போர்த்தினாள். நான் பின்பக்கம் போய் ரெக்டிஃபையரைப் போட்டேன்.